ஐப்பசி அலமாரி

திருப்பதியில் புரட்டாசி போனால்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கடைத்தெருவில் கால் வைக்க இடம் கிடைக்கும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மஞ்சள் துணி கட்டி வரும் கூட்டம் ரயிலடியைச் சுற்றி அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த மாதம் முழுக்க நாராயணசாமியின் புத்தகக் கடையில் ஸ்தோத்திரப் புத்தகமும் தலபுராணமும்தான் விற்கும். ஐப்பசி பிறந்து, கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொல்லத் தொடங்கியதும் அவர் வாசலுக்கு நேரே இருக்கும் அலமாரியைக் காலி செய்து, துடைத்து, தமிழ்க் கதைப் புத்தகங்களை அடுக்குவார். மழையில் வீட்டோடு கிடக்கிறவர்கள் படிப்பதற்கு என்று அவர் தேர்ந்தெடுத்தவை. ஒவ்வொரு புத்தகத்திலும் நூலில் கட்டிய அட்டை ஒன்று தொங்கும். புத்தூர், நகரி, நாராயணவனம், சத்தியவேடு என்று ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அதை ஐப்பசி அலமாரி என்பார்கள்.

அந்த அட்டைகளை வெளியூர்க்காரர் யாராலும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. சென்னையிலிருந்து வருகிறவருக்கு எழுத்து தெரியாது. தெலுங்குக்காரர் தடங்கலில்லாமல் வாய்விட்டுப் படிப்பார், ஒரு வார்த்தை புரியாது. ஏனென்றால் எழுத்து தெலுங்கு, பேச்சு தமிழ். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்குமாக வளர்ந்த எங்களுக்கு மட்டும் அது விளங்கும். எங்கள் வீடுகளுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கத்திலிருந்து பெண் எடுப்பார்கள். வந்த பெண்ணுக்குத் தமிழ் படிக்க வரும், கட்டியவனுக்கு வராது. கடைக்குப் போகிறவன் அவன். அட்டையை அவன் படிப்பான், புத்தகத்தை அவள் படிப்பாள்.

எனக்கு மனப்பாடமான அட்டைகள் சில உண்டு. "இது பெரிய புஸ்தகம். மழை நிக்காதுன்னு தெரிஞ்சா மட்டும் எடுங்க." "இதுல வர்ற மாமியார மொதல்ல திட்டிக்கினே படிப்பீங்க. பாதி தாண்டினா அவங்க பக்கம் சாஞ்சிடுவீங்க. மருமக இருக்கற வீடா இருந்தா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படிக்காதீங்க." "சளி புடிச்சவங்க இத தொடாதீங்க. சிரிச்சா இருமல் வரும்." "ஒரு கெணத்துக்கு ரெண்டு அக்கா தங்கச்சி சண்ட. சின்ன புஸ்தகம்தான். முடிச்ச அப்புறம் யாருக்காவது போன் பண்ணணும்னு தோணும். பண்ணிடுங்க." எல்லாவற்றுக்கும் கீழே ஒரே கையெழுத்து, நா.சாமி.

போன வருஷம் ஐப்பசியில் அந்தக் கிணற்றுப் புத்தகத்தையும் சளிப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு பாகாலாவுக்கு வந்தேன். அங்கே பால் குளிரூட்டும் நிலையத்தில் பாலைச் சோதிக்கிற வேலை எனக்கு. விடியற்காலை வேலை, மத்தியானத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அறைக்கு வந்து புத்தகத்தைப் பிரித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. என்னால் அட்டையைத்தான் படிக்க முடியும். அம்மா இருந்தவரைக்கும் வீட்டில் படித்துச் சொல்ல ஆள் இருந்தது. அம்மா திருத்தணிப் பக்கம் பொதட்டூர்க்காரி. இப்போது வீடு நகரியில் அண்ணனுடையது. போன் பண்ணணும்னு தோணும் என்று எழுதியிருந்தது. புத்தகத்தை முடிக்காததால் அதுவும் தோன்றவில்லை.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஹரிதா மிஸ் சாயங்கால வகுப்பு நடத்துகிறார். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கானது. அரக்கோணத்துக்காரர். சித்திரையில் சேர்ந்தேன். எழுத்துக் கூட்ட வந்ததும் மிஸ் தினம் நடந்ததை நோட்டில் எழுதச் சொன்னார். "வானிலை, சாப்பாடு, யார் என்ன சொன்னாங்க. உங்க கருத்து வேணாம் கிஷோர், அது தானா வரும்" என்றார். அதனால்தான் இதையும் இந்த வரிசையில் எழுதுகிறேன். விட்டுப்போனது எதுவென்று எனக்குத் தெரியாது.

ஆவணி கடைசியில் ஒரு நாள், வகுப்பு நடக்கும்போது குடையை வாசலில் சாத்திவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் பேனா. மிஸ் பேர் கேட்டார்.

"நாராயணசாமி."

"என்ன வேலை சார்?"

"வியாபாரம்."

"என்ன வியாபாரம்?"

"சில்லறதான்" என்றார்.

என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தவர் பார்வையை எடுக்கவில்லை. அவருக்கு முகத்தைவிட வாங்கின புத்தகம்தான் நினைவிருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"கெணறும் சளியும்" என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"ஒன்னும் சொல்லாத பாபு. கிளாஸ் முடியட்டும்."

அன்றைக்கு அவர் ஸ்லேட்டில் 'அ' போட்டார். சுழி சுற்றும்போது நாக்கு வெளியே வந்தது. இவ்வளவு வருஷம் தமிழ்ப் புத்தகம் விற்றவர், எனக்குப் புத்தகம் எடுத்துக்கொடுத்தவர், என் பக்கத்தில் உட்கார்ந்து 'அ' போட்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது.

அவருடைய திருப்பதி ரயில் வருகிற வரைக்கும் பிளாட்பாரத்தில் டீ குடித்தோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தானாகவே ஆரம்பித்தார்.

"அவதான் படிப்பா. எங்க வீட்ல. ரத்தினம். திருத்தணி பொண்ணு. நைட்டு துன்னும்போது நான் களி உருட்டுவேன், அவ கத சொல்லுவா. இந்த மாமியா இப்படி பண்ணா, அந்தப் பையன் இப்படி ஏமாந்தான், இத சளி புடிச்சவன் படிக்கக் கூடாதுன்னு. கைய கழுவிக்கினு வந்து அவ சொன்னத சொன்னாப்ல எழுதுவேன். எனக்கு தெலுங்குதான் வரும், தெலுங்குல எழுதினேன். ஜனங்களுக்கும் அதான் வந்துது. அப்படியே நின்னுட்டுது."

"உங்களுக்குக் கொஞ்சம்கூட வராதா சார்? கடையில புத்தகம் கேட்டா?"

"அட்டப்படம் தெரியும். பின்னால பென்சில்ல பேர தெலுங்குல எழுதி வெச்சிருப்பேன். பக்கத்துல ஒருத்தி ஆக்கிப் போட்டுக்கினே இருந்தா எவன்யா அடுப்பு பத்த வெக்க கத்துக்கறான்?"

"அப்போ இப்ப எதுக்கு?"

டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இப்ப ஆக்கிப் போடறதில்ல."

ஆனி மாதம் சித்தூரில் ஒரு தமிழ்ச் சங்கத்தில் கூப்பிட்டு அவருக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். எல்லையில் தமிழ் வளர்க்கும் படிப்பாளி என்று. ரத்தினம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடப் போய், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"அவ பேர சொல்லணும்னுதான் பாபு போனேன். பஸ்ல கூட மனசுக்குள்ள சொல்லி பாத்துக்கினேன். மைக் கையில குடுத்து, இவ்ளோ புஸ்தகம் எப்ப சார் படிக்கறீங்கன்னு கேட்டாங்க. எல்லா மூஞ்சியும் என்னப் பாக்குது. நம்மள யாரு அப்படி பாத்திருக்காங்க? கடைல சில்லற இல்லியான்னுதான் பாப்பாங்க. வாயில வந்துட்டுது. மழ பேஞ்சா தூக்கம் வராதுங்க, படிச்சிக்கினே இருப்பேன்னு. கை தட்டினாங்க. அவளும் தட்டினா. நான் பாத்தேன்."

"அப்புறம்?"

"திரும்பி வர்ற பஸ்ல ஒன்னும் பேசல. வீட்டுக்கு வந்து சால்வைய மடிச்சி பீரோல வெச்சா. மறுநாள் புதுசா வந்த கட்டுலேருந்து ஒன்ன எடுத்து, இது எப்படிமே இருக்குதுன்னு குடுத்தேன். தூக்கம் வராதவரு நீங்க, படிச்சி சொல்லுங்கன்னுட்டா. அதோட சரி. சோறு போடறா. கணக்கு பாக்கறா. பேரப்பசங்க பேச்சு, மாவு மில்லு பேச்சு, எல்லாம் பேசறா. புஸ்தகத்த பத்தி ஒரு வார்த்த இல்ல. படிக்கறா, நான் பாக்கறேன், படிச்சிட்டு மூடி வெக்கறா. உள்ள இன்னா கீதுன்னு தெரியல. கொழம்பு போதுமா பண்டிதரேன்னு கேக்கறா."

ரயில் வந்தது. ஏறி ஜன்னலருகே உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ஐப்பசி வருது. ஜனங்க வருவாங்க. எனக்கு அது கூட பரவால்ல. ராத்திரில எதிர்ல உக்காந்துக்கினு ரெண்டு பேரும் ஒன்னும் பேசாம துன்றது கீது பாரு..." வண்டி நகர்ந்தது.

அந்த வாக்கியத்தை அன்று இரவு நோட்டில் எழுதினேன். நானும் பேசாமல்தான் தின்கிறேன், எதிரில் ஆளில்லாமல். இது கருத்து, வேண்டாம் என்று மிஸ் சொன்னது. அடித்துவிட்டேன்.

புரட்டாசி முழுக்க அவர் வந்தார். மற்றவர்களைவிட மெதுவாகத்தான் படித்தார். கொம்பும் காலும் அவரைப் படுத்தின. வகுப்பு முடிந்ததும் கிணற்றுப் புத்தகத்தை நான் கொண்டுவருவேன். என் பிரதி. பிளாட்பாரத்து லைட்டுக்கடியில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் குனிந்துகொண்டு, ஒரு வரி அவர், ஒரு வரி நான் என்று கூட்டிக் கூட்டிப் படிப்போம். சில நாள் ஒரு பக்கம்கூடத் தாண்டாது. தங்கச்சி வாளியை ஒளித்துவைக்கிற இடத்தில் அவர் சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது.

"இத அவ எனக்கு சொன்னப்ப வாளிய பத்தி சொன்னா. ஒளிச்சி வெச்சிட்டு அழுதத சொல்லல."

"மறந்திருப்பாங்க சார்."

"மறக்கறவளா அவ? நான் அதுக்குள்ள கை கழுவ எழுந்துட்டிருப்பேன்."

புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். "கஸ்டமரா வா. மேல சாப்பிட கூப்பிடறேன். அவகிட்ட பேச்சு குடுத்துப் பாரு. இந்த மழைக்கு இன்னா படிக்கலாம்னு கேளு. வெளி ஆளு கேட்டா வாய தொறந்தாலும் தொறப்பா."

கடை ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மேலே வீடு. மாடிப்படி கடைக்கு உள்ளேயே ஏறும். ரத்தினம்மா எனக்கும் தட்டு போட்டார். களி, கத்தரிக்காய்க் காரக்குழம்பு, வேர்க்கடலைத் துவையல். களி உருண்டையில் நடுவில் குழி பண்ணி எண்ணெய் விட்டார். நாராயணசாமி இரண்டு வாய் தின்பதற்குள் கீழே பெல் அடித்தது, ஸ்தோத்திரப் புத்தகம் கேட்டு யாரோ. கையைக் கழுவிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"எந்த ஊருப்பா?"

"நகரி பக்கம்மா. வேல பாகாலால."

துவையல் கிண்ணத்தை வைத்த கை அப்படியே நின்றது.

"பாகாலாவா. அப்ப நீ பாத்திருப்பியே. எங்க வீட்டுக்காரு சாயங்காலமானா சட்ட மாத்திக்கினு பாகாலா பாகாலான்னு போறாரு. எதிர்வீட்டு பொம்பள சொல்லுது, ரத்தினம்மா, ஆம்பளைக்கு இந்த வயசுலதான் வரும், பாத்துக்கோன்னு. இன்னா கீது பாகாலால?"

"ஜங்ஷன் கீதும்மா."

"அது வெள்ளக்காரன் காலத்துலேருந்து கீது. இப்ப புதுசா இன்னா கீது?"

தண்ணீர் குடித்தேன்.

"நான் சொல்லக் கூடாதும்மா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்ப பொம்பள இல்ல. பொம்பளையா இருந்தா, அய்யோ அப்படியெல்லாம் இல்லம்மான்னு தலையில அடிச்சி சத்தியம் பண்ணியிருப்ப. துன்னு, களி ஆறுது."

தைரியம் வந்து கேட்டேன். "அம்மா, இந்த மழைக்கு இன்னா புஸ்தகம் படிக்கலாம்?"

"கீழ ஒருத்தரு கீறாரே, சால்வ போத்தின பண்டிதரு. அவர கேளு."

"நீங்க சொன்னா..."

"நான் இன்னாத்த சொல்றது? நான் சோறாக்கறவ. இன்னும் கொஞ்சம் கொழம்பு வுடட்டா?"

ஜன்னல் கட்டையில் ஒரு புத்தகம் குப்புறக் கவிழ்ந்திருந்தது. தடிமனான புத்தகம், முக்கால்வாசி படித்தாகியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். எழுந்து போய் அதில் ஒரு தீப்பெட்டி அட்டையை அடையாளம் வைத்து மூடி, அரிசி டின் மேல் வைத்துவிட்டு வந்தார். அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது என்று எனக்குத் தோன்றியது. வாய்க்குள் ஏதோ அடக்கி வைத்திருப்பவர்போல உதட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறந்தது. மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டது மழை. பாகாலா ஏரி வாய்க்கால் ரோட்டுக்கு வந்தது, பால் வண்டிகள் தாமதமாயின. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரி போடப்போவதாக அவர் வகுப்பில் என்னிடம் சொல்லியிருந்தார். "ஒரே ஒரு புஸ்தகம். நான் முழுசா படிச்சது அது ஒன்னுதான். அட்டையும் நானே எழுதிட்டேன். தமிழ்ல" என்றார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. "அவ பாக்கட்டும் மொதல்ல."

நான் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் ஐந்தாறு பேர் குடையோடு நின்றிருந்தார்கள். காலி அலமாரி நடுவில் கிணற்றுப் புத்தகம் ஒன்று மட்டும் நின்றது. அதில் அட்டை. கோடு கோணலாக, எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக, மேலே ஏறிக்கொண்டே போயிருந்தன. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும்.

வந்தவர்களில் பஸ் கண்டக்டர் சுரேஷ்பாபு புத்தூர்க்காரர். வருஷம் தவறாமல் சம்சாரத்துக்கு வாங்கிப்போவார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா அண்ணா இது, கோழி கிளறினாப்ல? நம்ம எழுத்து எங்க?"

"இது தமிழுய்யா" என்றார் நாராயணசாமி.

"தமிழ்னா எங்களுக்கு எப்படி தெரியும்? மெட்ராஸ்காரனுக்கா கட வெச்சிருக்க?"

நாராயணவனத்திலிருந்து மருமகளுக்குப் புத்தகம் எடுக்க வரும் பொன்னியம்மாள் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "ஒரே ஒன்னு வெச்சிருக்கியே நைனா. மீதியெல்லாம் எங்க? போன வருஷம் இதே புஸ்தகத்த வாங்கினேனே. இதுல இன்னா எழுதியிருக்க, படி."

நாராயணசாமி படிக்கவில்லை. மாடிப்படியைப் பார்த்தார். சத்தம் கேட்டு ரத்தினம்மா இறங்கி வந்துகொண்டிருந்தார், கையில் அரிசி களைந்த ஈரம்.

"நீயாவது படிச்சி சொல்லு தாயி" என்று பொன்னியம்மாள் அட்டையை நூலோடு இழுத்து அவர் பக்கம் நீட்டினார்.

ரத்தினம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். உதடு அசையாமல் படித்தார். எனக்குப் பக்கத்திலிருந்து தெரிந்தது. இப்படி இருந்தது: "இந்த புஸ்தகம் நான் படிச்சது. இது ஒன்னுதான் நான் படிச்சது. மீதி எல்லாம் ரத்தினம்மா படிச்சி சொன்னது. சால்வை அவளுது. நாராயணசாமி."

அவர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு கணவரை நிமிர்ந்து பார்த்தார். பாகாலா என்னவென்று அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னையும் ஒரு தடவை பார்த்தார். எழுதக் கற்றுக்கொண்டு வந்தவருக்கு ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"இன்னா எழுதியிருக்காரு?" என்றார் சுரேஷ்பாபு.

"ஒன்னுமில்ல. நல்ல புஸ்தகம்னு எழுதியிருக்காரு" என்றார் ரத்தினம்மா.

அட்டையைப் புத்தகத்தில் பழையபடி தொங்கவிட்டார். நாராயணசாமி பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். ஆனால் சின்னக் கடை, எல்லாருக்கும் கேட்டது.

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே எழுதிக் காட்டறியா? நான் ஒருத்திதான் படிப்பேன்னு தெரிஞ்சிதான் இந்த எழுத்துல எழுதின. கைதட்டு மட்டும் ஊரு கேக்க. இது நான் மட்டும் பாக்கவா?"

"இல்லமே. நான் கஷ்டப்பட்டு..."

"கஷ்டப்பட்டதான். நான் இல்லன்னு சொன்னனா?"

ரத்தினம்மா படியேறத் தொடங்கினார். மேலே போய்விடவில்லை. நாலாம் படியில் நின்றுகொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்தார்.

நாராயணசாமி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், பிறகு மறுபடி செருகிக்கொண்டார். மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அலமாரிக்கு எதிரில் நின்றார்.

"சுரேஷு. பொன்னியக்கா. அதுல எழுதியிருக்கறது இன்னான்னா, எனக்குத் தமிழ் படிக்க வராது. இந்த ஆவணிலதான் அ ஆ கத்துக்கினேன். இத்தன வருஷம் அட்டையில நான் எழுதினதெல்லாம் அவ படிச்சி சொன்னது. சித்தூர்ல எனக்கு போத்தினாங்களே, அது அவளுக்கு போத்த வேண்டியது. மேடையில பொய் சொல்லிட்டேன்."

முதலில் சிரித்தவர் சுரேஷ்பாபு.

"அப்ப நீ வெறும் பேனாவா அண்ணா?"

"பேனாதான்."

"நான் இத்தன நாளா என் சம்சாரத்துகிட்ட, பாருடி, ஆம்பள எப்படி படிக்கறாருன்னு உன்ன காட்டி திட்டிக்கினு கீறேன்!"

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் பொன்னியம்மாள். "அந்த மாமியா புஸ்தகத்துக்கு எழுதியிருந்தியே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படிக்காதீங்கன்னு. எந்த ஆம்பளைக்கு அது தெரியும்? ஏ ரத்தினம், அங்க நின்னுக்கினு இன்னா பாக்கற? மீதி புஸ்தகத்த எப்ப சொல்லுவ?"

ரத்தினம்மா மீதிப் படியும் ஏறிவிட்டார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்றைக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். பொன்னியம்மாள் மட்டும் போன வருஷம் வாங்கின அதே கிணற்றுப் புத்தகத்தை மறுபடியும் வாங்கினார். "கழுத, எங்க வீட்ல இன்னொன்னு இருந்துட்டு போவுது" என்றார்.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்து பிளாட்பாரத்தில் நாராயணசாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவளே கீழ வந்தா பாபு. புதன்கிழம. அலமாரி பக்கத்துல பிளாஸ்டிக் சேர் போட்டுக்கினா. வர்றவங்களுக்கு வாயாலயே சொல்றா. அட்ட வேணாம்னுட்டா. ஜனங்க நின்னு கேக்கறாங்க. புஸ்தகம் போவுது, போன வருஷத்த வுட ஜாஸ்தியா போவுது."

"அப்ப சந்தோஷம்தானே சார்?"

"சந்தோஷம்தான். எல்லாருக்கும் சொல்றா. வீட்ல சொல்றதில்ல. கடையில சொல்லி முடிச்சிட்டேன், மறுபடி எதுக்குன்றா. அதுவும் நியாயம்தான். நானும் பின்னால நின்னு ஜனங்களோட கேக்கறேன். நடுவுல எவனாவது பில்லு போடுன்னுவான், போய் வந்தா கத எங்கயோ போயிருக்கும்."

"இப்பதான் உங்களுக்கே படிக்க வருதே."

"வருது." பிளாட்பாரத்து ஊர்ப் பலகையைக் காட்டினார். தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ். "இங்க கூட ஒரு எழுத்து தமிழ்ல இல்ல பாரு, படிச்சிக் காட்ட. நானே படிச்சா கத தெரியும் பாபு. அவ சொன்னா, அவ தெரியும்."

ரயில் வந்தது, ஏறிக்கொண்டார்.

ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போனேன். காற்றும் மழையுமாக இருந்தது. கடைக்குள்ளேயே ஜனம் நெருக்கி நின்றது. நனைந்த குடைகள் வாசலில் குவிந்து கிடந்தன. ரத்தினம்மா சேரில் உட்கார்ந்திருந்தார், மடியில் அன்றைக்கு அரிசி டின் மேல் வைத்த தடித்த புத்தகம்.

"இதுல ஒருத்தன் ஊர வுட்டு போயிடறான். ஏன் போறான்னு எழுதினவரு சொல்ல மாட்டாரு, நாமளா பாத்துக்கணும். மொத பாதி கொஞ்சம் இழுக்கும். இழுத்தா இழுக்கட்டும், பக்கத்துல வேர்க்கடல வறுத்து வெச்சிக்கோங்க. அவன் பொண்டாட்டி தெனம் சாயங்காலம் ரெண்டு தட்டு போடுவா..."

பொன்னியம்மாள் முன்னால் நின்று ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தார். நாராயணசாமி எல்லாருக்கும் பின்னால், படிக்கட்டோரம் நின்றிருந்தார். காதைக் கையால் குவித்துக்கொண்டிருந்தார். வாசல் தகரத்தின் மேல் மழை வலுத்தது. யாரோ விலை கேட்டார்கள், அவருக்குக் கேட்கவில்லை.

ரத்தினம்மா பாதியில் நிறுத்தினார்.

"பின்னால நிக்கறவருக்குக் கேக்குதா?"

எல்லாரும் திரும்பினார்கள். நாராயணசாமி கையைக் காதிலிருந்து எடுத்தார்.

"மழ சத்தம்" என்றார். "ரெண்டு தட்டு வரைக்கும் கேட்டுது."

"கேக்கலன்னா முன்னால வரணும். யாராவது கட்டிப் போட்டாங்களா?"

சுரேஷ்பாபு சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். நாராயணசாமி நடுவில் கிடைத்த வழியில் நடந்து வந்து பொன்னியம்மாள் பக்கத்தில் நின்றார், புத்தகம் வாங்க வந்தவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு. சட்டைப் பையில் பேனா இல்லை. ரத்தினம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த புத்தகத்தை மூடி, மறுபடி முதல் பக்கத்தைத் திறந்தார்.

"இதுல ஒருத்தன் ஊர வுட்டு போயிடறான்" என்று ஆரம்பித்தார்.

என் ரயிலுக்கு நேரமாகியிருந்தது. பாகாலாவில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. நானும் நின்று முதலிலிருந்து கேட்டேன்.